புதுப்பிப்பு: சமையல் பட்டறைக்குப் பறித்த கீரை வாடும் பிரச்சினை தீர்ந்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. சமூகத் தோட்டத்தில் பறிக்கும் கீரை, மதியம் சமையல் பட்டறை தொடங்குவதற்குள் துவண்டுவிடுகிறது என்று கேட்டிருந்தேன்.

விட்டுவிட்டுத் தண்ணீர் தெளிக்கும் யோசனை எங்களுக்குச் சரிவரவில்லை, கட்டின் அடியில் கொழகொழத்ததுதான் மிச்சம். கைகொடுத்தது, வெயில் ஏறுமுன் பறித்து, உடனே குளிர்ந்த நீரில் கொஞ்ச நேரம் முக்கி, நன்றாக வடித்து, ஈரத்துணி சுற்றி நிழலில் வைக்கச் சொன்னவரின் வழிதான். இலையின் சூடு தணிந்தால் அது சுவாசிக்கும் வேகமும் நீரை இழக்கும் வேகமும் குறைந்துவிடுகின்றன. இப்போது தண்டை ஒடித்தால் படக்கென்று சத்தம் வருகிறது!

அப்புறம், எதிர்பாராத லாபம் ஒன்று: இலைச் சாற்றை உறிஞ்சும் சின்ன அசுவினிப் பூச்சிகள் அந்த நீரிலேயே மிதந்து வந்துவிடுகின்றன. கீரைக்குக் குளிர்ச்சி நல்லது என்பதற்காகத் தக்காளியையும் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள், 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே நாள்கணக்கில் இருந்தால் மணம் போய்விடும்.