பில்டர் இருக்கும் மீன்தொட்டிக்குக் காற்று மோட்டரும் வேண்டுமா?

வெள்ளவத்தைவாசி:
வணக்கம். எங்கள் தொடர்மாடி வீட்டில் உள்ள இரண்டரை அடி மீன்தொட்டியில் நான்கு தங்கமீன்களும் இரண்டு கோராமிகளும் இருக்கின்றன. உள்ளே பொருத்தும் பில்டர் இரவு பகலாக ஓடுகிறது. அது போதாது, குமிழி விடும் காற்று மோட்டரும் கட்டாயம் வேண்டும் என்கிறார் மீன் கடைக்காரர்; அந்த இரைச்சலோடு தூங்க முடியாது என்கிறார்கள் வீட்டில். கோராமிகள் அடிக்கடி மேலே வந்து வாயைத் திறந்துவிட்டுப் போவது மூச்சுத் திணறலாலா என்பதையும் அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

தெஹிவளை மீன்பிரியர்:
கோராமியின் செவுளுக்கு மேலே காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் தனி உறுப்பு உண்டு. ஆகவே அது மேலே வந்து போவது இயல்புதான். நீங்கள் கவனிக்க வேண்டியது தங்கமீன்களை. விடியற்காலையில் விளக்கைப் போடும்போது அவை நீர்மட்டத்தோடு ஒட்டி நின்று வாயை மூடி மூடித் திறந்தால், ஒட்சிசன் குறைந்துவிட்டது என்று கொள்ளலாம்.

குமிழி மேலேறும் ஓரிரு நொடிகளில் அதிலிருந்து நீரில் கரையும் ஒட்சிசன் சொற்பமே. அது மேற்பரப்பைக் கலக்கிவிடுவதால்தான் காற்றிலுள்ள ஒட்சிசன் நீரில் சேர்ந்து, காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது. பில்டரின் நீர் வெளிவரும் வாயை மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே உயர்த்தி, நீர் முழுவதும் சிற்றலை எழும்படி திருப்பிவிட்டால் அதே வேலை நடந்துவிடும். கடைக்காரர் சொல்லும் ‘கட்டாயம்’ விற்பனைப் பேச்சு.

கொட்டாஞ்சேனை:
தெஹிவளை நண்பர் சொன்ன காரணம் சரி. ஆனால் கொழும்பு வெக்கையையும் கணக்கில் எடுக்க வேண்டும். 20 பாகை செல்சியசில் ஒரு லீற்றர் நன்னீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஒட்சிசனைத் தாங்கும். 30 பாகையில் அது 7.5 அளவுக்கு இறங்கிவிடுகிறது. குளிர்நீர் மீனான தங்கமீனுக்கோ வெப்பம் ஏற ஏற ஒட்சிசன் தேவையும் கூடும். அந்தத் தொட்டிக்கு நான்கு தங்கமீன்கள் அதிகம் என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீர்த்தாவரங்கள் இருந்தால், விளக்கணைந்த பின் அவையும் ஒட்சிசனை உள்ளெடுக்கும். கண்ணாடி மூடியை இறுக்கி மூடாதீர்கள்.

மின்சாரம் நின்றால் பில்டரும் நிற்கும். 2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். சார்ஜ் செய்யக்கூடிய சிறிய காற்று மோட்டர் ஒன்றை வாங்கி வைத்து, மின்சாரம் இல்லாத வேளையிலும் மீன்கள் மேலே திணறும் நாட்களிலும் மட்டும் ஓடவிடுங்கள் என்பதே என் கருத்து.

வெள்ளவத்தைவாசி:
இருவருக்கும் நன்றி. தொட்டிக்குக் கீழேயுள்ள அலுமாரிக்குள் மோட்டரை வைத்தால் சத்தம் அடங்குமா?

கொட்டாஞ்சேனை:
அடங்கும், ஆனால் மோட்டர் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால், அது நிற்கும்போது தொட்டி நீர் குழாய் வழியாகப் பின்னோக்கி வந்து மோட்டரையும் நிலத்தையும் நனைத்துவிடும். குழாயின் நடுவே நீர் திரும்பாமல் தடுக்கும் சிறிய வால்வு ஒன்றைப் போடுங்கள், விலை அதிகமில்லை. இரைச்சலில் பெரும்பகுதி மோட்டர் பலகையில் அதிர்வதால் வருவது. அடியில் தடித்த ஸ்பொஞ்சுத் துண்டொன்றை வைத்துப் பாருங்கள்.