சபையில், குடியேறியவர்கள் விஷயத்தில், இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு சம்பவம் சொல்லுங்கள்

கீபோர்டுக்காரன் எழுதியது:

நான் ஆரம்பிக்கிறேன். எங்கள் தமிழ்ச் சபைக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. நியூஜெர்சியில் ஒரு லூத்தரன் ஆலயத்தை ஞாயிறு மதியம் வாடகைக்கு எடுத்து நடத்துகிறோம், இங்கே பாதிப் பேருக்கு இதே கதைதான். காலையில் வெள்ளைக்காரர்கள், மதியம் நாங்கள், சாயங்காலம் கீழ்த்தளத்தில் ஸ்பானிஷ் சபை. அவர்களுக்கும் எங்களுக்கும் உள்ள உறவு, படிக்கட்டில் எதிர்ப்படும்போது ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். 2025 ஜனவரியில் அந்த உத்தரவு வந்தது தெரியும் அல்லவா, ஆலயம், பள்ளி, ஆஸ்பத்திரிப் பக்கம் குடியேற்ற அதிகாரிகள் கைது செய்ய வேண்டாம் என்று 2011 முதல் இருந்ததை எடுத்துவிட்டார்களே, அதற்குப் பிறகு கீழே சத்தமே குறைந்துபோனது. தொண்ணூறு பேர் பாடும் இடத்தில் இருபது பேர்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு கீபோர்டு அடாப்டரை மறந்து வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஏழு மணிக்குத் திரும்பிப் போனேன். கருநீல ஜாக்கெட், குளிர் தொப்பி, இடுப்பில் ஆபீஸ் அட்டை தொங்குகிறது. எப்போதும் திறந்திருக்கும் பக்கவாட்டுக் கதவு அன்று பூட்டியிருந்தது. தட்டினேன், கொஞ்சம் பலமாகவே தட்டினேன், குளிர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பையன், ஒன்பது பத்து வயதிருக்கும். என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தான். ஓடவில்லை, கத்தவில்லை. கையை நீட்டிச் சுவரில் இருந்த விளக்கை அணைத்தான். உடனே கீழே பாட்டு நின்றது. யாரோ சொல்லிக்கொடுத்து, அவன் பழகி வைத்திருந்த மாதிரி இருந்தது.

நான் மாடிச் சபைக்காரன் என்று எந்த மொழியில் சொல்வது? அடாப்டர் எடுக்காமலே வந்துவிட்டேன். இதில் என்ன வேடிக்கை என்றால் அன்றைக்கு என் பர்ஸிலும் விசா அனுமதிக் கடிதத்தின் நகல் நாலாக மடித்து இருந்தது, யாராவது நிறுத்திக் கேட்டால் காட்ட. கேட்பார்களோ என்று நான் பயப்படும் ஆளாகவே நான் அவனுக்குத் தெரிந்திருக்கிறேன்.

வரிசையில் நிற்பவன் எழுதியது:

கீபோர்டு அண்ணா, கதை மனதைத் தொடுகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லாரும் ஒரு பக்கமாகவே பேசுவதால் மறுபக்கத்தையும் யாராவது சொல்லத்தானே வேண்டும். நான் 2015இல் பச்சை அட்டைக்கு, அதாவது இங்கே நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்குப் போட்டவன், இன்னும் வரவில்லை. ஒரு நாட்டுக்கு வருடத்தில் ஏழு சதவீதத்துக்கு மேல் கிடையாது என்பதால் இந்தியாவில் பிறந்த பாவத்துக்கு நிற்கிறேன். அப்பா இறந்தபோது, திரும்பி வர விசா முத்திரை கிடைக்குமோ என்று பயந்து ஊருக்குப் போகவில்லை. வேலை போனால் 60 நாளுக்குள் வேறு வேலை, இல்லாவிட்டால் கிளம்ப வேண்டும். அப்படி நிற்கும் எங்களுக்காக எந்தச் சபையில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள்? எல்லை தாண்டி வந்தவருக்குத்தான் ஜெபம், பதாகை, எல்லாம். "எந்த மனுஷனும் மேலான அதிகாரமுள்ளவர்களுக்குக் கீழ்ப்படியக்கடவன்" என்று ரோமர் 13இல் இல்லையா? அதைப் படித்தால் மட்டும் ஏன் முகம் சுளிக்கிறீர்கள்? 2018இல் அமெரிக்க அட்டர்னி ஜெனரலாக இருந்த ஜெஃப் செஷன்ஸ் எல்லைக் கெடுபிடியை நியாயப்படுத்த அந்த வசனத்தைச் சொன்னார் என்பதற்காக அது வேதத்திலிருந்து போய்விடுமா? அன்பு வேறு, சட்டம் வேறு. வீட்டுக்குக் கதவு வைப்பது விருந்தாளியை வெறுப்பதற்காக அல்ல.

சரி, சம்பவம் கேட்டார்கள். எங்கள் பாஸ்டர் லேவியராகமம் 19:34 எடுத்தார், "அந்நியனைச் சுதேசிபோல எண்ணி". எனக்குப் பொறுக்கவில்லை. மனைவி, மகளோடு பிரசங்கத்தின் நடுவில் எழுந்து வெளியே வந்துவிட்டேன். பார்க்கிங்கில் என் மகள் கேட்டாள்: "அப்பா, எனக்கு 21 ஆகிறதுக்குள்ள நமக்கு வரலைன்னா, பாஸ்டர் சொன்ன அந்த ஆள்ல நானும் ஒருத்தியா?" அவள் சென்னையில் பிறந்தவள், இரண்டு வயதில் வந்தாள், 21 வரைதான் என் விசாவில் இருக்க முடியும். காரை எடு என்று மனைவி சொன்னாள், எடுத்தேன்.

ஸ்கார்பரோ பிள்ளை எழுதியது:

வரிசை என்று கதைக்கிற ஆட்களுக்கு ஒன்று. 1986 ஆகஸ்டில் இங்கே கனடாவில், நியூஃபவுண்ட்லாந்துக்குக் கிட்ட இரண்டு உயிர்காப்புப் படகில் 155 ஈழத் தமிழர் மிதந்துகொண்டிருந்ததை ஒரு மீன்பிடிக்காரர் கண்டார். இந்தியாவிலிருந்து வருகிறோம் என்றுதான் முதலில் சொன்னார்கள், பிறகுதான் மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தது தெரிந்தது. பொய் சொன்னார்கள், வரிசையைத் தாண்டினார்கள் என்று அப்போதும் சனம் கொதித்தது. எங்கள் கதை இந்த நாட்டில் அப்படித்தான் தொடங்கியது, அதை மறைத்துவிட்டு ரோமர் 13 வாசிக்க ஏலாது.

ஆனால் என்னை உறுத்துவது அது அல்ல. 2010 ஆகஸ்டில் சன் சீ கப்பல் 492 ஈழத் தமிழரோடு பிரிட்டிஷ் கொலம்பியாவில் வந்து நின்ற கிழமை, எங்கள் சபையில் ஆராதனை முடிந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு நிற்கிறோம். யாரோ தொலைக்காட்சிச் செய்தியைச் சொன்னார். "இவையளத் திருப்பி அனுப்பினாத்தான் எங்களுக்கு மரியாதை" என்று ஒரு குரல். திரும்பிப் பார்த்தால் என் அம்மா. நாங்கள் 1989இல் வந்தோம், ஒரு வெள்ளைக்காரச் சபை பணம் சேர்த்து ஸ்பொன்சர் செய்து, விமான நிலையத்தில் ஐந்து குளிர்ச் சட்டையோடு வந்து நின்றது. அளவு தெரியாததால் எல்லாம் பெரியது. அம்மாவின் சட்டை முழங்காலுக்குக் கீழே தொங்கும், அதை அவர் பத்து வருசம் போட்டார். அந்த வாயால் இப்படி. நான் ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவப் போனேன். அம்மா இப்போது இல்லை, கேட்கவும் ஏலாது.

வரிசையில் நிற்பவன் எழுதியது:

உங்கள் அம்மா சொன்னதில் தவறில்லை. போரிலிருந்து தப்பி வருவதும் வேலைக்கு வருவதும் ஒன்றா?

ஸ்கார்பரோ பிள்ளை எழுதியது:

கப்பலில் வந்ததும் போரிலிருந்துதான், ஐயா. முள்ளிவாய்க்கால் முடிந்து ஒரு வருசம்தான் ஆகியிருந்தது. வாசித்துவிட்டு எழுதுங்கோ.

நடைபாதை பெஞ்சு எழுதியது:

சண்டையை அப்புறம் போடுங்கள். எங்கள் சபையில் சிலர் முறை வைத்துக் குடியேற்ற நீதிமன்றத்துக்குத் துணையாகப் போகிறோம். ஒன்றும் செய்வதில்லை, கூட உட்காருவோம், பெயரும் வீட்டு ஃபோன் நம்பரும் எழுதி வைத்துக்கொள்வோம். 2025 ஜூன் 20, உலக அகதிகள் தினத்தன்று சான் டியேகோ கத்தோலிக்க ஆயர் மைக்கேல் ஃபாம், அவரே வியட்நாமிலிருந்து அகதியாக வந்தவர், மற்ற குருமாரோடு நீதிமன்றத்துக்குப் போனார் இல்லையா, அதைப் பார்த்துத்தான் எங்கள் போதகர் ஐயா கேட்டார், யார் வருகிறீர்கள் என்று. ஓய்வு பெற்றவள், நேரம் இருக்கிறது, கையைத் தூக்கினேன்.

அங்கே போன பிறகுதான் ஒன்று புரிந்தது. அரசுத் தரப்பு வக்கீல் "வழக்கைத் தள்ளுபடி செய்கிறோம்" என்றால் நல்ல செய்தி என்று நினைப்போம். கிடையாது. வழக்கு போய்விட்டால் விசாரணை இல்லாமல் வேகமாக அனுப்பும் வழிக்கு மாற்றலாம், அதனால் நடைபாதையில் பிடிக்க ஆள் நிற்கும். அன்று நான் துணைபோனவர் முப்பது வயதுக்காரர், கூரை வேலை செய்கிறவர், கையெல்லாம் தார். தள்ளுபடி என்றதும் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆமாம், நானும்தான். கதவைத் தாண்டியதும் நாலு பேர். அவர் போராடவில்லை. சட்டைப்பையிலிருந்து கார் சாவியை எடுத்து என் கையில் வைத்தார், பார்க்கிங் சீட்டையும். அவ்வளவுதான் நேரம் கிடைத்தது.

நாலு மாடிப் பார்க்கிங். என்ன கார் என்று கேட்கவில்லையே. சாவியை அமுக்கிக்கொண்டே ஒவ்வொரு மாடியாக நடந்தேன், எங்காவது "கீக்" என்று சத்தம் கேட்குமா என்று. மூன்றாவது மாடியில் கேட்டது. பின் சீட்டில் குழந்தை இருக்கை, அதில் பாதி கடித்த பிஸ்கட்.

சட்டம் தெரிந்தவன் எழுதியது:

சகோதரி, உங்கள் ஊழியத்தை கர்த்தர் ஆசீர்வதிப்பாராக. ஆனால் உணர்ச்சி மட்டும் போதாது, எல்லாச் சபையும் சில விஷயங்களைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும், யாரும் சொல்வதில்லை என்பதால் சொல்கிறேன். ஆலயத்தில் எல்லாரும் வரக்கூடிய பகுதி, வரக்கூடாத பகுதி என்று இரண்டு உண்டு. ஆராதனை நடக்கும் கூடத்துக்குள் யார் வேண்டுமானாலும் வரலாம், அதிகாரியும் வரலாம். அலுவலகம், ஓய்வுநாள் பள்ளி அறை, சமையலறை இவற்றில் "தனிப்பட்ட பகுதி" என்று பலகை வைத்து, கதவைச் சாத்தி வையுங்கள். அதற்குள் நம் சம்மதம் இல்லாமல் வர நீதிபதி கையெழுத்திட்ட வாரண்ட் வேண்டும். ஐ-200, ஐ-205 என்று ஒரு தாளைக் காட்டுவார்கள், அதில் கையெழுத்து அவர்கள் துறை அதிகாரியுடையது, நீதிபதியுடையது அல்ல. அதனால் வாங்கிப் படிக்கும் ஒரே ஒருவரை முன்பே நியமித்து வையுங்கள், ஆளாளுக்குப் பேசினால் யாராவது "உள்ளே வாங்க" என்று சொல்லிவிடுவார்கள், அது சம்மதம் ஆகிவிடும். நம் ஆட்களுக்கு உபசாரம் ரத்தத்தில் ஊறியது, அதுதான் ஆபத்து. பொய் சொல்லாதீர்கள், ஆளை ஒளித்து வைக்காதீர்கள், குறுக்கே கை நீட்டாதீர்கள். ஒவ்வொருவரும் குடியேற்றத் துறை தங்களுக்குக் கொடுத்த ஏ-நம்பரை, ஒன்பது இலக்கம், மனப்பாடமாக வைத்திருக்கட்டும். பிடித்த பிறகு இணையத்தில் தேட அதுவும் பிறந்த நாடும் போதும். "நோட்டரி" என்று பலகை போட்டவரிடம் காசு கொடுத்து ஏமாறாதீர்கள், லத்தீன் அமெரிக்காவில் அந்தச் சொல்லுக்கு வக்கீல் என்று அர்த்தம், இங்கே வெறும் முத்திரை குத்துகிறவர். வழக்கு விஷயம்: 2025 பிப்ரவரியில் மேரிலாந்து நீதிபதி ஒருவர் க்வேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவின் சபைகள், ஒரு பாப்டிஸ்ட் கூட்டமைப்பு, சாக்ரமெண்டோ குருத்வாரா ஆகியவை கேட்டதற்கு, அவர்கள் ஆலயங்களில் ஜனவரி உத்தரவைச் செயல்படுத்தத் தடை கொடுத்தார், வழக்குப் போட்டவர்களுக்கு மட்டும். ஏப்ரலில் 27 மத அமைப்புகள் கேட்டபோது வாஷிங்டன் நீதிபதி மறுத்துவிட்டார். ஆகவே "கோர்ட் தடுத்துவிட்டது" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள்.

என் சம்பவமா? பலகை வைத்த முதல் ஞாயிறே எங்கள் ஆச்சி ஒருவர் சமையலறைக்குள் போகாமல் வாசலிலேயே நின்றுவிட்டார். "நமக்கும் அனுமதி இல்லையா தம்பி?"

மாலைத் திருப்பலி எழுதியது:

சட்டம் தெரிந்தவர் சொன்னதெல்லாம் சரிதான், யாரும் கேட்கவில்லை என்பதைத் தவிர.

எங்கள் பங்குச் சாமியார் தென் தமிழ்நாட்டுக்காரர். பங்கில் பாதி வியட்நாம், மெக்சிகோ, மீதி வெள்ளைக்காரர்கள், அதில் ஒரு சாரார் அரசு செய்வது சரி என்பவர்கள், காணிக்கைத் தட்டில் அதிகம் போடுகிறவர்களும் அவர்களே. 2025 பிப்ரவரியில் போப் பிரான்சிஸ், கூட்டமாக நாடுகடத்துவதைக் கண்டித்து அமெரிக்க ஆயர்களுக்குக் கடிதம் எழுதினார், அதைக்கூட எங்கள் ஃபாதர் பூசையில் வாசிக்கவில்லை. எனக்குக் கோபம். பூசை முடிந்ததும் சக்ரீஸ்துக்குள் போய்த் தமிழிலேயே கேட்டேன்: "ஏன் ஃபாதர் பயப்படுறீங்க? நாமளே வெளிநாட்டுக்காரங்கதான?"

திருவுடையைக் கழற்றிக்கொண்டிருந்தார், தலை அதற்குள் இருந்தது. உள்ளிருந்தே பதில் வந்தது. "எனக்கு மார்ச்சோட அஞ்சு வருஷம் முடியுதும்மா." குருமார் வரும் அந்த விசாவுக்கு ஐந்து வருடம்தான், அதற்குள் பச்சை அட்டை வராவிட்டால் கிளம்ப வேண்டும், திரும்பி வர அப்போதிருந்த விதிப்படி ஒரு வருடம் வெளியே இருக்க வேண்டும். மூன்று வருடமாகப் பக்கத்தில் நின்று பீடத்துக்குப் பூ வைத்தவள் நான், எனக்கு அது தெரியாது.

அடுத்த ஞாயிறு விசுவாசிகள் மன்றாட்டில் தாளில் இல்லாத ஒன்றைச் சேர்த்தார், "இன்று இங்கே வர முடியாதவர்களுக்காக". அதற்கு மேல் சொல்லவில்லை. நிறுத்தினார். ரொம்ப நேரம் நிறுத்தினார், ஒரு குழந்தை அழுது ஓயும் வரை. முன்வரிசையில் ஒருவர் கைகளைக் கட்டிக்கொண்டார், பின்னால் ஒரு பெண் விசும்பினாள். மார்ச்சில் போய்விட்டார். ஜூலையில் சான் பெர்னார்டினோ ஆயர், பயப்படுகிறவர்கள் ஞாயிறு பூசைக்கு வராவிட்டாலும் பாவமில்லை என்று அறிவித்தார், நவம்பரில் பால்டிமோர் கூட்டத்தில் அமெரிக்க ஆயர்கள் கிட்டத்தட்ட எல்லாரும் சேர்ந்து, குடியேறியவர்களுக்கு ஆதரவாக அறிக்கை கொடுத்தார்கள். இரண்டையும் ஃபாதருக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது.

வரிசையில் நிற்பவன் எழுதியது:

நடைபாதை பெஞ்சு அக்கா, அந்தக் கார் என்ன ஆயிற்று?

நடைபாதை பெஞ்சு எழுதியது:

ஆலயப் பார்க்கிங்கில்தான் நிற்கிறது. அவர் மனைவிக்கு ஓட்டத் தெரியாது, விற்கவும் மனசில்லை. பேட்டரி போகாமல் இருக்க ஞாயிறு ஆராதனை முடிந்ததும் யாராவது ஒருவர் பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைக்கிறோம்.

வரிசையில் நிற்பவன் எழுதியது:

பத்து நிமிடம் போதாது அக்கா. இந்தக் குளிருக்கு அரை மணி நேரமாவது ரோட்டில் ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் டயரும் ஒரே இடத்தில் அமுங்கிவிடும். எந்த ஊர் என்று தனியாக எழுதுங்கள், பக்கமாக இருந்தால் நான் வந்து ஓட்டுகிறேன்.