மகன் மிஷனில், எங்களுக்கோ நம்பிக்கை போய்விட்டது: வழி சொல்லுங்கள்

அமெரிக்காவின் யூட்டாவில் இருக்கிறோம். நானும் கணவரும் மார்மன் சபையில் சேர்ந்து பிள்ளைகளையும் அதிலேயே வளர்த்தவர்கள். மகன் பிலிப்பைன்ஸில் இரண்டு வருட மிஷனில், அதாவது சபைக்காக மதம் பரப்பும் ஊழியத்தில் இருக்கிறான். அவன் கிளம்பிய பிறகுதான் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித்தின் பலதார மணம், எகிப்திய பாப்பிரஸிலிருந்து மொழிபெயர்த்ததாக அவர் சொன்ன ஆபிரகாம் புத்தகம் என்ற வேதநூல் பற்றியெல்லாம் சபையே 2014-ல் வெளியிட்ட கட்டுரைகளை உட்கார்ந்து படித்தோம், அதற்கப்புறம் இருவராலும் பழையபடி நம்ப முடியவில்லை.

அவனிடம் இன்னும் சொல்லவில்லை. 2019-லிருந்து மிஷனரிகள் வாரம் ஒருமுறை வீட்டோடு பேசலாம், முன்பு கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும்தான் என்பதால் இது பெரிய ஆறுதல், ஆனால் பேசும்போதெல்லாம் "அம்மா, இந்த வாரம் வேதத்துல என்ன படிச்சீங்க?" என்று ஆசையாகக் கேட்கிறான். பொய் சொல்ல மனசு வரவில்லை, வெயிலில் வீடு வீடாக நடக்கிற பிள்ளையின் மனதை உடைக்கவும் முடியவில்லை. மிஷனரிகளுக்கான சபையின் பொது நிதிக்கு மாதம் 500 டாலர் கட்டுவதை நிறுத்தப் போவதில்லை, அதிலிருந்துதான் அவன் சாப்பாடும் வாடகையும்.

இந்த நிலையைத் தாண்டிய பெற்றோர் சொல்லுங்கள்: மிஷன் நடக்கும்போதே சொன்னீர்களா, திரும்பி வந்த பிறகா? வந்ததும் எங்களோடு ஆலயத்துக்குள் போக ஆசைப்படுவான், நம்பிக்கையுள்ள உறுப்பினர்களுக்குச் சபை கொடுக்கும் அனுமதிச் சீட்டு இல்லாமல் எங்களால் நுழைய முடியாது, அப்போது எப்படியும் தெரிந்துவிடும். பாதியில் தெரிந்தால் கூட இருக்கும் துணை மிஷனரியைத் தவிர அவனுக்கு அங்கே சாய்ந்துகொள்ள யாருமில்லை என்பதுதான் என் பயம். அவனைச் சபையிலிருந்து வெளியே இழுக்கும் யோசனைகள் மட்டும் வேண்டாம், அது அவன் முடிவு. வாராந்திர அழைப்பில் பொய்யில்லாமல் என்ன பேசலாம் என்று அனுபவப்பட்டவர்கள் எழுதினால் போதும்.