5.7 புள்ளிச் சராசரியுடன் பென் வாலஸ் புகழ் மண்டபத்துக்குள் வந்தது எப்படி?

கேள்வி: வெளிக்கோடு

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தை அண்மைக் காலமாகத்தான் ஊன்றிப் பார்த்து வருகிறேன். பழைய வீரர்களின் பதிவுகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது பென் வாலஸ் என்ற பெயர் என்னைக் குழப்பிவிட்டது. அவர் சென்டர் இடத்தில், அதாவது வழக்கமாக அணியின் நெடியவர் கூடையடியைக் காக்கும் இடத்தில், ஆடியவர். ஆனால் உயரம் 6 அடி 9 அங்குலம் என்றுதான் பதிவாகியிருக்கிறது, அதுவும் தாராளமாக எழுதப்பட்ட அளவு என்கிறார்கள். 1996ஆம் ஆண்டு டிராஃப்டில் (அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) எந்த அணியும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. 1,088 ஆட்டங்களில் அவருடைய சராசரி 5.7 புள்ளிகள், ஃப்ரீ த்ரோ (எதிரணியின் தவறுக்காகத் தடுப்பின்றிக் கிடைக்கும் எறிதல்) வீசினால் நூற்றுக்கு 41தான் உள்ளே விழுந்திருக்கிறது. அப்படியிருந்தும் 2021இல் கூடைப்பந்தின் உயரிய கௌரவமான நெய்ஸ்மித் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார்.

ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை 4 முறை வென்றதுதான் காரணம் என்பது தெரிகிறது. அந்த விருதுகளுக்குப் பின்னால் இருந்த ஆட்டம்தான் எனக்குப் பிடிபடவில்லை. 7 அடி ஆட்கள் உலவுகிற கூடையடியில் அந்த உயரத்தை வைத்துக்கொண்டு ஒருவர் என்ன செய்ய முடியும்? அவர் ஆட்டத்தின் போக்கையே மாற்றினாரா, அல்லது நல்ல அணியில் இருந்ததால் பெயர் கிடைத்ததா? அந்த ஆண்டுகளில் ஆட்டங்களைப் பார்த்தவர்கள் சற்று விரிவாக விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

மறுமொழி: இடதுகை

உயரத்தை மட்டும் அளந்து பார்த்தால் அவருடைய ஆட்டம் புரியாது. ரீபவுண்டுக்கு, அதாவது கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்க, மேலே எட்டுவதற்கு முன்பே கீழே ஒரு சண்டை நடந்து முடிந்துவிடுகிறது: பந்து விளிம்பில் படுவதற்குள் எதிராளியின் தொடையில் தன் இடுப்பை ஊன்றி, அவரைக் கூடையிலிருந்து இரண்டடி பின்னால் தள்ளி நிறுத்திவிட வேண்டும். 109 கிலோ எடையும் அகன்ற தோள்களும் உள்ள ஒருவர் முழங்காலை மடக்கித் தாழ்வாக நின்றால், அவரை நகர்த்துவது 7 அடி மனிதருக்கும் எளிதல்ல. வாலஸ் இதைத் தவறாமல் செய்தார். இன்னொன்று, அவருடைய இரண்டாவது தாவல். பந்தை முதல் தாவலில் விரல்நுனியால் தட்டிவிட்டு, தரையில் கால் பட்டவுடனேயே மறுபடி எழும்பிவிடுவார். நெடிய சென்டர்கள் அப்போதுதான் முதல் தாவலிலிருந்து இறங்கிக்கொண்டிருப்பார்கள்.

2001-02 பருவத்தில் ஆட்டத்துக்கு 13.0 ரீபவுண்ட், 3.5 பிளாக் (எதிராளி எறிந்த பந்தைத் தட்டித் தடுப்பது) என்று இரண்டு பட்டியல்களிலும் லீகில் முதலிடம் பிடித்தார். அடுத்த பருவத்தில் ரீபவுண்ட் சராசரி 15.4 ஆனது. ஆனால் நான் சுட்டிக்காட்ட விரும்புவது ஸ்டீல் (எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பது) கணக்கை. 2000-01 முதல் 2003-04 வரை நான்கு பருவங்களிலும், ஒவ்வொன்றிலும் 1,000 ரீபவுண்ட், 100 பிளாக், 100 ஸ்டீல் ஆகிய மூன்றையும் தாண்டியவர் அவர். ஒரு சென்டருக்கு 100 ஸ்டீல் என்பது கைநீளத்தால் வருவதில்லை. பாதத்தின் வேகத்தால் வருவது. பிக் அண்ட் ரோலில் (சக வீரர் தடுப்பாளரை மறித்து வழிவிட, பந்து வைத்திருப்பவர் முன்னேறும் உத்தி) கார்டு, அதாவது பந்தை நடத்திச் செல்லும் வெளிப்பகுதி ஆட்டக்காரர், ஒருவர் பந்தோடு திரும்பும்போது வாலஸ் துணிந்து முன்னால் வந்து அவரை மறித்துவிட்டு, தான் காக்க வேண்டிய எதிராளியிடம் பந்து போய்ச் சேர்வதற்குள் திரும்பி ஓடிவிடுவார். அந்தக் கால நெடிய சென்டர்களில் பெரும்பாலோர் இதற்குத் துணியாமல் கூடையடியிலேயே நின்றுவிடுவார்கள்.

விதி மாற்றத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2001-02இல் லீக் பழைய சட்டவிரோதத் தடுப்பாட்ட விதியை நீக்கி, மண்டலத் தடுப்புக்கு (குறிப்பிட்ட ஆளை அல்லாமல் இடத்தைக் காப்பது) அனுமதி தந்தது. கூடவே, தடுப்பாளர் ஒருவர் யாரையும் காக்காமல் கூடையடிப் பகுதியில் 3 விநாடிக்கு மேல் நிற்கக்கூடாது என்ற விதியும் வந்தது. வெறுமனே நிற்கிற சென்டரைவிட, வெளியே போய்விட்டு நேரத்துக்கு உள்ளே திரும்புகிற சென்டருக்குத்தான் இது சாதகமானது என்பது என் கருத்து. வாலஸின் முதல் விருது அந்தப் பருவத்தில் வந்ததை நான் தற்செயலாகக் கருதவில்லை.

மறுமொழி: மூன்றாம் கால்பகுதி

மேலே எழுதிய நண்பரின் விளக்கத்தில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். ஆயினும் பெருமை முழுவதையும் ஒருவர் தலையில் ஏற்றிவிடுவது சரியில்லை. அவர் அப்போது ஆடிய டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணியில் டேஷான் பிரின்ஸ் இருந்தார், சான்சி பிலப்ஸ் இருந்தார், 2004 பிப்ரவரியில் ரஷீத் வாலஸ் வந்து சேர்ந்தார். பயிற்சியாளராக லாரி பிரவுன் இருந்தார். அந்த மார்ச் மாதத்தில் தொடர்ந்து 5 ஆட்டங்களில் எதிரணியை 70 புள்ளிக்குள் அடக்கியது ஐந்து பேர் சேர்ந்து செய்த வேலை. ஆட்டங்கள் மெதுவாக நகர்ந்த காலம் என்பதையும் மறக்கக்கூடாது. 2004-05இல் வெளிப்பகுதியில் கையால் தடுப்பதை நடுவர்கள் கண்டிப்புடன் தண்டிக்கத் தொடங்கிய பிறகு அந்த எண்கள் எந்த அணிக்கும் எளிதாக இருந்திருக்காது.

தாக்குதலில் அவரால் அணிக்கு ஏற்பட்ட இழப்பும் சிறியதல்ல. அவரை யாரும் காக்க வேண்டியதில்லை என்று எதிரணி முடிவு செய்தால், பிஸ்டன்ஸ் நாலு பேரோடு தாக்க வேண்டியிருந்தது. 1,000 முறைக்கு மேல் ஃப்ரீ த்ரோ வீசியவர்களில் லீக் வரலாற்றிலேயே அவருடைய விகிதம்தான் மிகக் குறைவு.

மறுமொழி: இடதுகை

கையால் தடுப்பது பற்றிச் சொன்னது நியாயம்தான். ஆனால் அந்தக் கண்டிப்பு வந்த பிறகும் 2005, 2006 ஆண்டுகளில் அவரே விருதை வென்றார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 4 விருது என்ற எண்ணிக்கையை அவருக்கு முன் டிகெம்பே முடோம்போவும், 2024இல் ரூடி கோபேரும் எட்டியிருக்கிறார்கள். இருவரும் 7 அடிக்கு மேற்பட்டவர்கள்.

தாக்குதல் குறையை நான் மறுக்கவில்லை. அந்தக் குறையைத் தாங்கிக்கொண்டு ஓர் அணி ஏன் அவரைத் தொடர்ந்து களத்தில் நிறுத்தியது என்பதற்கு 2004 இறுதித் தொடரே பதில். லேக்கர்ஸ் அணியில் ஷகில் ஓ'நீல்: 7 அடி 1 அங்குலம், அப்போது 147 கிலோவாவது இருந்திருப்பார். அவரிடம் பந்து போனால் இரண்டாவது ஆளை அனுப்புவது மற்ற அணிகளின் வழக்கம். அனுப்பியவுடன் அவர் பந்தை வெளியே தள்ளுவார், காலியாக நிற்கும் ஒருவர் 3 புள்ளி எடுப்பார். பிஸ்டன்ஸ் பெரும்பாலும் அந்த இரண்டாவது ஆளை அனுப்பவே இல்லை. முதல் ஆட்டத்தில் ஷகில் 34 புள்ளிகள் எடுத்தார், கோபி பிரையன்ட் 27 முறை எறிந்து 25 எடுத்தார். லேக்கர்ஸின் மற்ற எல்லோரும் சேர்ந்து 16. பிஸ்டன்ஸ் 87-75 என்று வென்றது. மூன்றாவது ஆட்டத்தில் லேக்கர்ஸ் மொத்தமே 68தான். நான்காவதில் ஷகில் 36 புள்ளி, 20 ரீபவுண்ட் எடுத்தும் டெட்ராய்ட்தான் வென்றது.

ஷகிலை வாலஸ் அடக்கிவிட்டார் என்று நான் சொல்லவில்லை. அந்த எண்களைப் பார்த்தால் யாரும் சொல்ல முடியாது. ரஷீத்தும், மாற்று வீரரான எல்டன் கேம்பலும் மாறி மாறி அவரைத் தாங்கினார்கள். கார்ல் மலோனின் முழங்கால் காயமும் லேக்கர்ஸை முடக்கியது. ஆனாலும் தனி ஆளாக நின்று, ஷகில் எடுக்கிற ஒவ்வொரு கூடைக்கும் அவரை உழைக்க வைக்கிற சென்டர் இருந்ததால்தான் மற்ற நால்வரும் தங்கள் ஆளை விட்டு நகராமல் இருந்தார்கள். அந்த லாபம் பென் வாலஸின் பெயரில் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. தொடரை முடித்த ஐந்தாவது ஆட்டத்தில் அவர் 18 புள்ளி, 22 ரீபவுண்ட் எடுத்தார் என்பது மட்டும் ஏறியிருக்கிறது.

கேட்டவர்: வெளிக்கோடு

இரண்டு தரப்பும் தெளிவாகப் புரிகிறது, நன்றி. துணைக்கேள்வி ஒன்று: இப்படிப்பட்டவரை முதலில் யாருமே கண்டுகொள்ளாமல் விட்டது எப்படி? சிகாகோவுக்குப் போன பிறகு சறுக்கினார் என்கிறார்களே, அது உண்மையா?

மறுமொழி: பழைய பதிவேடு

பிறந்தது அலபாமாவின் ஒயிட் ஹால் என்ற சிற்றூரில். 11 பிள்ளைகளில் பத்தாமவர். முதலில் கிளீவ்லேண்டில் ஈராண்டுக் கல்லூரி, பிறகு வர்ஜீனியா யூனியன். இரண்டாவதுக்கு அவரைப் பரிந்துரைத்தவர் அதே கல்லூரியில் படித்த சார்ல்ஸ் ஓக்லி. அது இரண்டாம் பிரிவுக் கல்லூரி. பெரிய அணிகளின் தேர்வாளர்கள் அதிகம் எட்டிப் பார்க்காத இடம். உயரத்தைப் பார்த்தவர்கள் இவர் சென்டர் அல்ல என்றார்கள். பந்தெறிதலைப் பார்த்தவர்கள் இவர் ஃபார்வேர்டும் அல்ல என்றார்கள். பாஸ்டன் செல்டிக்ஸ் கோடைக்கால ஆட்டங்களில் அவரைக் கார்டு இடத்தில்கூட நிறுத்திப் பார்த்தது! வாஷிங்டன் அணியில் மூன்று பருவம், ஆர்லாண்டோவில் ஒன்று என்று கழிந்த பிறகு, 2000ஆம் ஆண்டு கோடையில் கிரான்ட் ஹில் ஆர்லாண்டோவுக்குப் போனபோது அதற்கு ஈடாக டெட்ராய்ட் பெற்ற இருவரில் ஒருவராக வந்தார். மற்றவர் சக்கி அட்கின்ஸ். அன்று எல்லோரும் டெட்ராய்ட் ஏமாந்தது என்றே பேசினார்கள். ஹில் கணுக்கால் காயத்தால் அடுத்த மூன்று பருவங்களில் 47 ஆட்டங்களே ஆடினார்.

சிகாகோ விவகாரம் பாதி உண்மை. 2006இல் 4 ஆண்டுக்கு 6 கோடி டாலர் ஒப்பந்தத்தில் போனார். அப்போது வயது 32ஐ நெருங்கியிருந்தது. தாவலை நம்பி ஆடுகிறவருக்கு அது இறங்குமுகம். என்றாலும் முதல் பருவத்தில் 10.7 ரீபவுண்ட் எடுத்தார், அந்த அணி நடப்புச் சாம்பியனான மயாமியை 4-0 என்று வெளியேற்றியது. அடுத்த சுற்றில் அவர்களை வீழ்த்தியது டெட்ராய்ட்! 2008 பிப்ரவரியில் கிளீவ்லேண்டுக்கு மாற்றப்பட்டார். 2009இல் டெட்ராய்டுக்கே திரும்பி 2012 வரை ஆடினார். 2016 ஜனவரியில் அவருடைய 3ஆம் எண் சட்டைக்கு அந்த அணி நிரந்தர ஓய்வு அளித்தது.

மறுமொழி: மூன்றாம் கால்பகுதி

பழைய ஆட்டம் ஒன்றைப் பார்ப்பதாக இருந்தால் 2004 இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தைப் பாருங்கள். பந்தைப் பின்தொடராமல், ஷகிலிடம் பந்து போகும் ஒவ்வொரு முறையும் மற்ற நான்கு டெட்ராய்ட் வீரர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதை மட்டும் கவனியுங்கள். இடதுகை சொன்னதில் எவ்வளவு சரி, நான் சொன்னதில் எவ்வளவு சரி என்பதை அதிலிருந்தே நீங்கள் முடிவு செய்துகொள்ளலாம்.