லூனர் 1-லிருந்து 2-க்கு ஏறுவதா, மினிசர்ச்சுக்கே மாறுவதா? (தமிழும் பிரெஞ்சும் கலந்த தளம்)

ரோஸ்ஹில்78:
மோரீஷஸ் கோவில் விழா அறிவிப்புகளுக்கான தளம். சர்வர் கிடையாது, தேடல் முழுக்க பிரவுசருக்குள்தான். லூனர் என்ற ஜாவாஸ்கிரிப்ட் தேடல் நூலகத்தின் 1-ஆம் பதிப்பை எடுத்துவிட்டு 2.3.9 போட்டதும் மூன்று கோளாறு. தட்டத் தட்ட முடிவு வருவது நின்றுவிட்டது. 'தைப்பூசம் காவடி' என்றால் இரண்டில் ஒன்று இருக்கிற பக்கமெல்லாம் கொட்டுகிறது. 'கோவில்' என்றால் ஒன்றுமே இல்லை. பழைய நிரலில் ட்ரிம்மரை (சொல்லின் ஓரங்களைச் சீவும் பகுதி) கழற்றும் ஒரு வரி இருந்தது, புதியதில் விட்டுப்போயிருக்கிறது. இதையே சரிசெய்வதா, மினிசர்ச் போல வேறு தேடல் நூலகத்துக்குப் போவதா?

நிரல்மொழி:
போக வேண்டாம். முதல் இரண்டும் கோளாறே இல்லை, 2-இல் வேண்டுமென்றே மாற்றியவை. 1 தானாகவே முன்னொட்டுப் பொருத்தம் பார்க்கும், அதாவது சொல்லின் தொடக்கம் பொருந்தினாலே போதும். 2-இல் நீங்கள்தான் 'காவ*' என்று உடுக்குறி சேர்க்க வேண்டும். 1 எல்லாச் சொல்லும் இருக்கிற பக்கத்தை மட்டும் தரும். 2-இல் ஒவ்வொரு சொல்லுக்கு முன்னும் கூட்டல் குறி போட்டால்தான் அப்படி. மூன்றாவதுக்கு ட்ரிம்மர்தான் காரணம். சொல்லின் இரு முனையிலும் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு தவிர எதையும் சீவிவிடும். தமிழ்ச் சொல் முழுசாகக் காலி. பிரெஞ்சில் 'எகோல்' (பள்ளி) மேற்குறி போட்ட முதலெழுத்தை இழந்து 'கோல்' ஆகும். எச்சரிக்கை கூட வராது.

ஆனால் கழற்றினால் மட்டும் போதாது. லூனர் 2 இடைவெளியிலும் இணைப்புக்கோட்டிலும் (-)தான் சொல்லைப் பிரிக்கும், 'காவடி,' என்பது காற்புள்ளியோடு தேடல் அட்டவணைக்குள் போய்விடும். யூனிகோட் நிறுத்தக்குறிகளை மட்டும் சீவும் ட்ரிம்மரை நீங்களே எழுதிப் போடுங்கள். பத்து வரிகூட வராது.

குறுக்குவழி:
பத்து வரி ட்ரிம்மர், உடுக்குறி ஒட்ட ஒன்று, கூட்டல் குறி ஒட்ட ஒன்று. பயனர் 'காவடி: நேரம்' என்று முக்காற்புள்ளி போட்டால் லூனர் அதைப் புலத்தின் (தலைப்பு, உடல் போன்ற பகுதி) பெயர் என்று நினைத்துப் பிழை எறியும், அதைப் பிடிக்க இன்னொன்று. 2.3.9 வந்தது 2020-இல். இவ்வளவு ஒட்டுப்போடுவதற்கு மினிசர்ச் போட்டுவிடலாமே? அது முதலிலிருந்தே யூனிகோட் இடைவெளி, நிறுத்தக்குறியில் பிரிக்கிறது, தமிழ் சும்மா வேலை செய்யும். முன்னொட்டுத் தேடலும் எல்லாச் சொல்லும் வேண்டும் என்பதும் ஒவ்வொரு அமைப்புதான். லூனர் 2-இல் அட்டவணை கட்டிய பிறகு ஒரு அறிவிப்பைக்கூடச் சேர்க்க முடியாது, முழுசாகத் திரும்பக் கட்டணும். மினிசர்ச்சில் சேர்க்கலாம், நீக்கலாம்.

நிரல்மொழி:
"சும்மா வேலை செய்யும்" என்பதைத்தான் ஏற்க மாட்டேன். முன்னொட்டைத் திறந்துவிட்டு 'கோவில்' என்று தேடுங்கள், 'கோவிலில்', 'கோவிலுக்கு' வராது. கடைசியில் புள்ளி நிற்கிறது. 'கோவிலில்' என்பதில் அந்த இடத்தில் இகரக் குறி. எந்த நூலகமானாலும் இதுதான் கதி.

குறுக்குவழி:
சரி, அது நியாயம். சொல்லைப் பதப்படுத்தும் ஃபங்ஷனில் கடைசிப் புள்ளியை எடுத்துவிட்டால் தீரும். மினிசர்ச்சில் அதே ஃபங்ஷன் அட்டவணைக்கும் தேடலுக்கும் சேர்த்து ஓடும். லூனரில் உடுக்குறி வைத்த சொல் பைப்லைனுக்குள்ளேயே (சொல்லைப் பதப்படுத்தும் படிகள்) போகாது, பெட்டியில் தட்டியதை முன்கூட்டியே வெட்டித்தான் அனுப்பணும்.

நிரல்மொழி:
புள்ளி மட்டும் போதாது. 'தைப்பூசம்' எப்படி 'தைப்பூசத்தில்' ஆகிறது என்று பாருங்கள். மகர ஒற்றையும் சேர்த்து எடுக்கணும். அதேசமயம் 'தேர்' என்று தேடினால் 'தேர்வு', 'தேர்தல்' எல்லாம் பின்னால் வரும். முழுப் பொருத்தத்துக்கு எடை கூட்டி வைத்தால் குறையும், போகாது. தோராயப் பொருத்தம் 0.2 போடச் சொல்வார்கள், அதாவது சொல்லின் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரை மாறலாம், தமிழுக்கு வேண்டாம். 'காவடி' கணினிக்கு ஐந்து குறியீடு, அதில் ஒன்று மாறலாம். 'சாவடி' வந்து நிற்கும்.

ரோஸ்ஹில்78:
பிரெஞ்சு எழுத்தின் மேற்குறிகளை நீக்க, எழுத்தைப் பிரித்து எல்லாக் குறியையும் அழிக்கும் ஒரு வரி எல்லா இடத்திலும் கிடைக்கிறதே, அதைச் சேர்க்கலாமா?

நிரல்மொழி:
ஐயோ வேண்டாம்! அது தமிழ் உயிர்க்குறியையும் புள்ளியையும் சேர்த்து அழிக்கும். 'கோவில்' 'கவல' ஆகும், 'கவலை'யும் 'கவல' ஆகும். கோவிலைத் தேடுகிறவருக்குக் கவலை கிடைக்கும். யூனிகோட் எண் 0300 முதல் 036எஃப் வரை உள்ள குறிகளை மட்டும் அழித்துவிட்டு மறுபடி என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிந்த குறிகளை ஒன்றாக்கிய வடிவம்) சேருங்கள். ஓகாரத்தைச் சிலர் ஏகாரக் குறி, கால் என்று இரண்டாகத் தட்டியிருப்பார்கள், அதுவும் அதோடு ஒன்றாகிவிடும்.

குறுக்குவழி:
இதில் இரண்டு பேருக்கும் சண்டை இல்லை. ஆனா பாருங்க, நீங்க சொன்ன வேலை எல்லாம் மினிசர்ச்சில் ஒரே ஃபங்ஷனுக்குள் அடங்கிப்போச்சு.

நிரல்மொழி:
அடங்கும், ஆனால் ஜேசானில் சேமித்த அட்டவணையைத் திரும்ப ஏற்றும்போது அதே அமைப்புகளைக் கொடுக்கணும். பில்டில் (தளத்தைக் கட்டும்போது) ஒன்று, பிரவுசரில் வேறொன்று இருந்தால் பிழை வராது, தவறான முடிவு வரும். ஒரே கோப்பில் வைத்து இரண்டு பக்கமும் இம்போர்ட் செய்யுங்கள்.

ரோஸ்ஹில்78:
மினிசர்ச்சில் ஒரு கிளை போட்டுப் பார்க்கிறேன். 'கோவிலுக்கு', 'தைப்பூசத்தில்', 'தேர்', 'எகோல்', காற்புள்ளி ஒட்டிய 'காவடி,' இந்த ஐந்தையும் சோதனையாக எழுதி வைக்கிறேன். 'காவடி'யை நம் ஊரில் பிரெஞ்சு முறையில் சி-யில் தொடங்கி எழுதுவது, ஆங்கில முறையில் கே-யில் எழுதுவது, இரண்டையும் கண்ணுக்குத் தெரியாத தனிப் புலத்தில் போட்டால் போதுமா?

குறுக்குவழி:
போதும். எடையை மட்டும் தலைப்பை விடக் குறைவாக வையுங்க.