ஐரிஸ் பூச்செடியோட கிழங்கை எவ்வளவு ஆழத்துல நடணும்? அவசரம்

மண்வெட்டி: நட்டு ரெண்டு வருஷம் ஆச்சு. இலை தளதளன்னு வருது, பூ மட்டும் இல்ல. ஆழம்தான் காரணமா? இன்னிக்கே தோண்டி மாத்தணும், சீக்கிரம் சொல்லுங்க.

வேர்க்கால்: எந்த ஐரிஸ்? தாடி வகையா (கீழ் இதழ்ல தாடி மாதிரி மயிர் இருக்கும்), சைபீரியனா, டச்சா? மண் என்ன? வெயில் எத்தனை மணி நேரம்?

பசுந்தாள்: யூரியா போட்டிருப்பீங்க. தழைச்சத்து கூடினா இலைதான் வரும், கிழங்கும் அழுகும். ஆழமெல்லாம் அப்புறம்.

கிழங்குக்கிழார்: இங்க பழைய பதிவுகளைத் தேடிப் பார்க்கிற பழக்கமே போச்சு. சரி, மறுபடியும் சொல்றேன். தாடி ஐரிஸ்னா கிழங்கோட முதுகு வெளியே தெரியணும். குழி நடுவுல மண்ணை வரப்பு மாதிரி குவிச்சு, அது மேல கிழங்கை உக்கார வைங்க. வேரை ரெண்டு பக்கமும் சரியவிட்டு, வேர் மேல மட்டும் மண் போட்டு அழுத்துங்க. கடும் வெயில், மணல் மண்ணுன்னா 1-2 செ.மீ. மூடலாம். சைபீரியனுக்கு 2.5-5 செ.மீ., டச்சு வகையோட குமிழுக்கு (வெங்காயம் மாதிரி இருக்கும்) 10 செ.மீ. எந்த வகைன்னே சொல்லாம ஆழம் கேட்டா என்ன சொல்றது?

பசுந்தாள்: களிமண்ணா இருந்தா குழிக்குள்ள ரெண்டு கைப்பிடி மணல் போடுங்க.

கிழங்குக்கிழார்: போடாதீங்க. களியில கொஞ்சம் மணல் கலந்தா இன்னும் இறுகிடும். பாத்தியை 15 செ.மீ. உயர்த்தி, மக்கின உரம் கலங்க. தண்ணி வடியும்.

பசுந்தாள்: மணல் போட்டு நல்லா வர்ற பாத்தி எத்தனையோ இருக்கு சார்.

கிழங்குக்கிழார்: அந்தப் பாத்தி ஏற்கெனவே மேடா இருந்திருக்கும்.

மண்வெட்டி: தாடிதான். நாலு விரல் ஆழத்துல இருக்கு. ரெண்டு கிழங்கு கொழகொழன்னு நாறுது, தூக்கிப் போடவா?

வேர்க்கால்: அது பாக்டீரியா அழுகல். கெட்டியான வெள்ளைச் சதை வர்ற வரைக்கும் சுரண்டி எடுங்க. 1 பங்கு பிளீச் திரவத்துக்கு 9 பங்கு தண்ணி கலந்து, ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை அதுல நனைங்க. வெட்டின இடம் காயற வரைக்கும் ஓரிரு நாள் வச்சிருந்து, அப்புறம் நடுங்க. முழுக்கக் கொழகொழன்னா குப்பைதான். ஒருதடவை பூத்த தாய்க்கிழங்கு மறுபடி பூக்காது. பக்கத்துல கிளைச்ச இளங்கிழங்கை எடுத்து, 30-45 செ.மீ. இடைவெளி விட்டு நடுங்க. மூடாக்கு (மண் மேல சருகு, வைக்கோல் பரப்புறது) வேண்டாம். தினமும் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேணும். எடுத்து நட்டதால அடுத்த பருவம் பூக்காமலும் போகலாம், பதறிப்போய் மறுபடி தோண்டாதீங்க.

மண்வெட்டி: சரி, முதுகு தெரிய வைக்கிறேன். நன்றி.

வேர்க்கால்: வெயில் எவ்வளவுன்னு இன்னும் சொல்லலையே?

பசுந்தாள்: யூரியா போட்டாரான்னும் சொல்லல.