அஸ்டிகர்ராகா மதியச் சாப்பாடு: யார் யார் வருகிறீர்கள்?

கதிர்: அனைவருக்கும் வணக்கம். மார்ச் 14, சனிக்கிழமை மதியத்துக்கு ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் இருக்கும் அஸ்டிகர்ராகாவில், சைடர் தயாரித்துச் சாப்பாட்டோடு பரிமாறும் ஒரு சைடர் வீட்டில் மேசை சொல்லிவைக்க வேண்டும். ஜனவரி நடுவிலிருந்து ஏப்ரல் கடைசி வரைதான் பீப்பாயிலிருந்து நேரடியாகப் பிடித்துக் குடிக்கும் பருவம் என்பதால் வார இறுதிகளில் இடம் கிடைப்பது கடினம். எத்தனை பேர் என்பதை இன்றிரவுக்குள் சொல்லுங்கள்.

மூர்த்தி சித்தப்பா: நானும் மீனாவும் உண்டு.

ராஜம் அத்தை: சைடர் என்பது பழச்சாறா, மதுவா? நேராகச் சொல், கதிர்.

கதிர்: மதுதான், அத்தை. ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்து எடுப்பது. ஏறத்தாழ 6 விழுக்காடு ஆல்கஹால் இருக்கும். பாஸ்க் மொழியில் 'சகர்' என்றால் ஆப்பிள், 'அர்தோ' என்றால் ஒயின். இரண்டும் சேர்ந்து 'சகர்தோ'.

ராஜம் அத்தை: அப்படியானால் என்னைக் கணக்கில் சேர்க்காதே. உன் மாமா போன பிறகு மது இருக்கும் மேசையில் நான் உட்கார்ந்ததில்லை. சாந்தி கல்யாணத்தன்று மொட்டை மாடியில் என்ன நடந்தது என்பதும் எனக்குத் தெரியும்.

மூர்த்தி சித்தப்பா: அதற்கு அன்றே மன்னிப்புக் கேட்டுவிட்டேன், அக்கா.

மீனா சித்தி: அந்தப் பேச்சு இப்போது வேண்டாமே. சாப்பாடு என்ன, கதிர்?

கதிர்: எல்லாச் சைடர் வீடுகளிலும் ஏறக்குறைய ஒரே பட்டியல்தான், சித்தி. முதலில் காட் மீன் போட்ட ஆம்லெட், அடுத்து பச்சைக் குடைமிளகாயுடன் பொரித்த காட் மீன், பிறகு கரி நெருப்பில் சுட்ட பெரிய மாட்டிறைச்சித் துண்டு, கடைசியாக இடியாசபல் என்ற செம்மறியாட்டுப் பால் சீஸ், சீமை மாதுளை (குயின்ஸ்) பழத்தின் கெட்டிப் பாகு, ஓடு உடைத்துத் தின்ன வால்நட். முன்பெல்லாம் வியாபாரிகள் எந்தப் பீப்பாயை வாங்கலாம் என்று ருசிபார்க்க வருவார்கள். வெறும் வயிற்றில் குடிக்க முடியாது என்பதால் தங்கள் சாப்பாட்டைக் கையோடு கொண்டுவருவார்கள். அந்த வழக்கத்திலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய விருந்து.

நிலா: மாட்டிறைச்சி எனக்கு வேண்டாம். மீன் போதும்.

மீனா சித்தி: எனக்கும்.

கதிர்: சொல்லிவைக்கிறேன். அத்தை, ஒன்றை மட்டும் கேளுங்கள். போன வருடம் நான் போனபோது பார்த்தது இது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே வீட்டுக்காரர் 'சோச்!' என்று குரல் கொடுப்பார். எல்லோரும் தட்டை அப்படியே விட்டு, கண்ணாடிக் குவளையோடு ஆளுயரத்துக்கும் மேலான பீப்பாய்களின் முன் வரிசையில் நிற்பார்கள். சிறு துளையிலிருந்து நூல்போலச் சைடர் பீறிட்டு வரும். குவளையைச் சாய்த்து, அந்தத் தாரை ஓரத்தில் மோதிச் சிதறும்படி பிடிக்க வேண்டும். அப்போதுதான் மணம் எழும். முன்னால் இருப்பவர் விலகும் கணத்தில் அடுத்தவர் தன் குவளையை நுழைத்துவிடுவார். தரையில் வீணாவது குறைவு. ஒருவர் பிடிப்பது இரண்டு விரல் அளவுதான். பாட்டியும் பேரனும் ஒரே வரிசையில் நின்றார்கள். பேரன் கையில் இருந்தது ஆப்பிள் சாறு. மாமாவைக் கொண்டுபோன குடி வேறு, அத்தை. இது எனக்கு உறுதியாகத் தெரிந்ததால்தான் உங்களை அழைக்கிறேன்.

ராஜம் அத்தை: அவரும் முதலில் இரண்டு விரல் அளவில்தான் தொடங்கினார்.

நிலா: அத்தை…

கதிர்: நீங்கள் சொல்வது சரி. வற்புறுத்த மாட்டேன். வெள்ளிக்கிழமை எஸ்கியோ என்ற ஊரில் உள்ள இகார்துபெய்தி பண்ணை வீட்டுக்காவது எல்லோரும் சேர்ந்து போவோம். 16ஆம் நூற்றாண்டு வீடு. வீட்டின் நடுவிலேயே ஆப்பிள் பிழியும் பெரிய மர ஆலை இருக்கிறது. வீட்டுக்குள் ஆலையை வைத்ததாகச் சொல்வதைவிட, ஆலையைச் சுற்றி வீட்டைக் கட்டினார்கள் என்பதே பொருத்தம்.

ராஜம் அத்தை: நம் தாத்தா வீட்டுச் செக்கு மாதிரியா? அதற்கு வருகிறேன்.

மூர்த்தி சித்தப்பா: சனிக்கிழமை வண்டி யார் ஓட்டுவது?

கதிர்: குடிப்பவர் யாரும் ஓட்டக் கூடாது. சான் செபாஸ்டியன் நகரிலிருந்து சில கிலோமீட்டர்தான், பேருந்து இருக்கிறது.

மூர்த்தி சித்தப்பா: அக்கா வராவிட்டால் நானும் வரவில்லை. உன் சித்தி போகட்டும்.

மீனா சித்தி: நான் தனியாகவா?

கதிர்: இப்போதைக்கு எல்லோரையும் சேர்த்தே ஐந்து பேர் என்று சொல்லிவைக்கிறேன், புதன்கிழமை வரை மாற்றலாம்.

ராஜம் அத்தை: கதிர், அந்தக் காலத்தில் ஆட்கள் தங்கள் சாப்பாட்டைக் கொண்டுபோனார்கள் என்றாயே, இன்றைக்கும் அதற்கு அனுமதி உண்டா? குடிக்காதவருக்குத் தள்ளி ஒரு மேசை கிடைக்குமா என்பதையும் கேள்.

கதிர்: நாளைக் காலையில் தொலைபேசியில் கேட்டுச் சொல்கிறேன், அத்தை.